கடலுக்கு வாசித்த பட்டியல்

தாழந்துறை நகராட்சியில், பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்த வருஷம் ஊருக்கு அரசாங்கத்திடமிருந்து என்னென்ன வேண்டும் என்று வரிசைப்படுத்தி எழுதிய முன்னுரிமைப் பட்டியலைக் கடற்கரையில் மைக் வைத்து வாசித்துவிட்டு, அதற்கப்புறம்தான் உறையில் போட்டு ஒட்டி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், இந்த வழக்கத்தை ஏற்படுத்திய தலைவர் யார் என்று ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை, ஆனாலும் சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால் ஜனங்களுக்கும் தெரியட்டும் என்று நல்ல மனசோடுதான் செய்திருப்பார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஜனங்களுக்குத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். மைக்செட் காதர் பாய் ஆரம்பத்தில் கூம்புக் குழாயைக் கடைத்தெருவைப் பார்த்துத்தான் கட்டினார். கோயிலில் உச்சிகால பூசைக்கு இடைஞ்சல் என்றார்கள், கொஞ்சம் திருப்பினார். பள்ளிவாசலில் ஓதுகிறார்கள் என்றார்கள், இன்னும் கொஞ்சம் திருப்பினார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றார்கள், அதற்கும் திருப்பினார். இப்படியே திருப்பித் திருப்பி, கடைசியில் யாரும் புகார் சொல்லாத ஒரே திசையில், கடலைப் பார்த்துக் கொண்டுபோய் நிறுத்தினார். ஆக முப்பது வருஷமாகத் தாழந்துறையின் தேவைகளைக் கடல் மட்டும்தான் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டியலை டைப் அடிப்பதும் வாசிப்பதும் பொதுப்பிரிவு உதவியாளர் ஜெசிந்தாவின் வேலை. நாற்பத்தேழு வயது, ஒற்றை நாடி உடம்பு, ஏற்ற இறக்கமில்லாத குரல். அவளுக்கு இந்த வேலை கருணை அடிப்படையில் கிடைத்தது. அவள் வீட்டுக்காரர் கில்பர்ட் நகராட்சி நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் புயல் அடித்தபோது, ஊருக்குள் தேங்கிய வெள்ளத்தை இறைத்து வெளியேற்ற உள்ளே போனவர், தரைமட்டத்துக்குக் கீழே இருந்த பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்து, வெளியே வரவில்லை. நீரேற்று நிலையத்தின் தரையை ஆறடி உயர்த்தித் தர வேண்டும் என்பது அந்த வருஷப் பட்டியலில் நான்காவதாக இருந்தது. அதற்கு முந்தின வருஷமும் நான்காவது, அதற்கும் முந்தின வருஷம் நான்காவது. எல்லா வருஷமும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருந்தது. ஜெசிந்தா வேலையில் சேர்ந்ததும் முதன்முதலில் அவள் மேஜைக்கு வந்த காகிதம் புது வருஷத்துப் பட்டியல்தான். தேதியை மட்டும் மாற்றி அடிங்கம்மா என்றார்கள். அவள் அடித்தாள். நான்காவது வரியையும் அடித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. கணவன் அடக்கத்திலேயே அவள் அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நகராட்சி மயானத்துக்குப் போய்க் கில்பர்ட்டின் கல்லறைப் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்தால், விலாவுக்குக் கீழே ஒரு வலி மெதுவாக எழும்பி, நெஞ்சுவரைக்கும் வந்து, தொண்டைக்கு ஏறாமல் நின்று, பிறகு இறங்கிப்போகும். வாரத்துக்கு ஒருதரம் வரும் அந்த வலியைத் தவிர அவளுக்கென்று வேறெதுவும் மிச்சமில்லை. அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கில்பர்ட் தன் வீட்டுக்குத் தானே வயரிங் செய்தவர். பம்ப் மோட்டாருக்குக் கை பழகியவர் வீட்டு சுவிட்சுகளையெல்லாம் தலைகீழாக மாட்டிவிட்டார். ஊரெல்லாம் கீழே தட்டினால் விளக்கு எரியும், அவர்கள் வீட்டில் மட்டும் மேலே தட்டினால் எரியும். மாத்தித் தாங்க என்று அவள் சண்டை போட்டாள். "பழகிரும் புள்ள" என்றார். பழகிவிட்டது. அதனால் அலுவலகத்துக்கு வந்தாலும் அவள் கை மேலே போகும், விளக்கு எரியாது, எதிர்ச் சீட்டு வேம்பு சிரித்துக்கொண்டே, "அக்கா, கீழ தட்டுங்க" என்பாள். இது தினமும் நடக்கிற ஒன்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைப் போல.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை ஜெசிந்தா, "முன்னுரிமை ஒன்று: மீன் ஏலக்கூடத்தின் கூரையைச் சீரமைத்தல்" என்று தொடங்கிப் பட்டியலை வாசித்தாள். மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அலுவலகங்களில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடும் நேரமாகப் பார்த்து, கடல் கிளம்பி வந்தது. ஏலக்கூடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குத்தான் வந்தது. சாலையைக் கடந்து, வாசலில் நின்று, உள்ளே இருந்த பெண்கள் கூடைகளையும் தராசையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும்வரைக்கும் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்று, கடைசி ஆள் வெளியே வந்ததும் கூடத்தைக் கூரையோடும் தூணோடும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பக்கத்தில் காய்ந்த வலை நனையவில்லை, எதிர்த்த டீக்கடையில் அடுப்பு அணையவில்லை. தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து அங்கே ஏலம் கூறிய மீனவர்கள் கொஞ்ச நேரம் அந்த வெறும் மணலைப் பார்த்தார்கள். அழ வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது, அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் ஆமா ஆமா என்றார்கள். பதினொன்றேகாலுக்குச் சாலையோரத்திலேயே ஏலத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. ஏலக்கூடம் தற்போது இல்லாத நிலையில் அதன் கூரையைச் சீரமைக்கும் தேவை எழவில்லை என்பதால் கோரிக்கை நிறைவு செய்யப்பட்டதாகக் கருதி முடிக்கப்படுகிறது என்று அதில் கண்டிருந்தது. முதல் முன்னுரிமை நிறைவேறியது என்று எம்.எல்.ஏ.வின் ஆட்கள் பேருந்து நிலையத்தில் பதாகை கட்டினார்கள். தாழந்துறையின் சரித்திரத்தில் ஒரு கோரிக்கை முடிந்தது அதுதான் முதல் தடவை.

கடல் பட்டியலைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறது, முதலில் சொன்னதைத்தான் எடுக்கிறது, எடுத்ததோடு அதைப் பற்றிய துக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது என்பதை ஊர் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. அதுவரைக்கும் என் வார்டுக் கோரிக்கைதான் முதலில் வரவேண்டும் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்ட கவுன்சிலர்கள், இப்போது என் வார்டைக் கடைசியில் போடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்த வருஷம் மன்றத்தில் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த ரோடு ரோலரைப் பழுதுபார்க்க வேண்டும் என்று முதலில் போட்டார்கள். கடல் புதன்கிழமை பத்தரைக்கு வந்து ரோலரைத் தூக்கிக்கொண்டு போனது. மதியம் ஒரு மணிக்கு அதைக் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டு, இரண்டாவதாக எழுதியிருந்த நகராட்சிப் பிரசவ விடுதியை எடுத்துக்கொண்டு போனது. யாரும் தேடாத பொருளைக் கடல் வாங்காது, வாங்காவிட்டால் அடுத்த வரிக்குப் போகும் என்று அப்போது தெரிந்தது. ஊரில் பாதிப் பேர் பிறந்த இடம் அது; அன்று சாயங்காலம் பெண்கள் ரேஷன் கடை வரிசையில் நின்று பருப்பு வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வருஷம் வாசிக்கவே வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். பட்டியலைச் சத்தமில்லாமல் தபாலில் அனுப்பினார்கள். புதன்கிழமை கடல் வந்து, எதை எடுப்பது என்று யாரும் சொல்லாததால் தானாகவே இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டது. அப்போதும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஆட்கள் வெளியே வரக் காத்திருந்துதான் எடுத்தது, மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. வீடு போனவர்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள், தெருப் பெயரைக் கேட்டால் யோசித்துச் சொன்னார்கள். அதற்கப்புறம் வாசிப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிலுவைக் கோரிக்கைகள் குறைந்த நகராட்சி என்று தாழந்துறைக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

நான்காம் வருஷம் மிக்கேல் அண்ணன் வந்தார். நாட்டுப்படகு வைத்திருந்தவர், ஆறடி ஆள். அவருடைய மூத்த மகன் டெனிஸ் அந்தப் படகில் போய்த் திரும்பாமல், படகு மட்டும் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரையில் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பக்கத்தில் அவர் தினமும் உட்கார்ந்திருப்பார், விற்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார். ஜெசிந்தாவின் மேஜைக்கு எதிரே நின்று, "தங்கச்சி, என் படக மொதல்ல போட்டுரு. அதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல, அத விட்டுட்டும் இருக்க முடியல" என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்து தாடிக்குள் போனது. தானாகவே ஒருவர் வந்து கேட்கிறாரே என்று மன்றத்துக்கு ரொம்பச் சந்தோஷம். படகு சின்னதுதான், கடல் வாங்குமா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். கடல் வந்து அதை இரண்டு கையிலும் ஏந்தினதுபோல எடுத்துக்கொண்டு போய்விட்டது, திருப்பித் தரவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் டீக்கடையில் மிக்கேல் அண்ணனைப் பார்த்தபோது ஜெசிந்தா கேட்டாள், "அண்ணே, டெனிசுக்கு வருஷப் பூசை எப்ப வைக்கீங்க?"

"யாருக்கு?" என்றார். அப்புறம், "ஆமா, டெனிஸு. வைக்கணும், வைக்கணும்" என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டுச் சட்னியில் தொட்டார். பெயர் மறக்கவில்லை, முகம் மறக்கவில்லை, எந்தத் தேதியில் போனான் என்றுகூடக் கேட்டதும் சொன்னார். வீட்டு நம்பரைச் சொல்வது மாதிரி சொன்னார். "நல்லாருக்கேன் தங்கச்சி, ராத்திரி படுத்தா காலையிலதான் முழிக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஜெசிந்தா பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டாள். அவள் பயந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்ததால், அது பயம் என்று தெரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. மிக்கேல் நிம்மதியாக இருக்கிறான் என்ற பேச்சு தெருத்தெருவாகப் போனது. ஐந்தாம் வருஷப் பட்டியலுக்கு நேரம் வந்தபோது ஜெசிந்தாவின் மேஜையில் மனுக்கள் வந்து குவிந்தன: ஐயா, இறந்துபோன என் மகளின் தையல் மிஷினை முதல் முன்னுரிமையில் சேர்க்க வேண்டுகிறேன், ஐயா, என் கணவர் படுத்துக்கிடந்த கயிற்றுக்கட்டிலைச் சேர்க்கவும், ஐயா, தம்பியின் பள்ளிக்கூடப் பை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, கட்டாகக் கட்டி மன்றத்துக்கு வைத்தாள்.

நகராட்சித் தலைவர் சிவனணைந்தபெருமாள் கெட்டவர் அல்ல, சுருக்கமாக முடிக்கத் தெரிந்தவர். மனுக் கட்டைத் தூக்கிப் பார்த்தார், கனமாக இருந்தது. "இத்தன பேருக்கும் தனித்தனியா வருஷத்துக்கு ஒண்ணுன்னு போட்டா நம்ம ஆயுசு பத்தாது. எல்லாம் செத்தவங்க சமாச்சாரம்தான? பேசாம மயானத்தப் போட்டுருவோம். மொத்த ஊருக்கும் ஒரே தடவையில மனசு லேசாயிரும்" என்றார்.

தாழந்துறை மயானத்தில் ஒரே சுற்றுச்சுவருக்குள் மூன்று மதத்தாருக்கும் இடம் இருந்தது; ஊரில் அதில் ஆள் இல்லாத வீடு கிடையாது. மயானச் சுற்றுச்சுவரைப் பழுதுபார்த்தல் என்பது பட்டியலில் எப்போதும் ஏழாவதாக, கடைசியாக இருக்கும் வரி. அதைச் சேர்த்தவள் ஜெசிந்தாதான், மாடு உள்ளே வந்துவிடுகிறதென்று. இப்போது அதைச் சுவர் என்ற சொல்லை நீக்கி, மயானம் முழுவதும் என்று திருத்தி, ஏழிலிருந்து ஒன்றுக்கு ஏற்றினார்கள். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஜெசிந்தா குறிப்பெடுத்தாள், அது அவள் வேலை.

கூட்டம் முடிந்து அவள் தலைவர் அறைக்குப் போனாள். "சார், உங்க அம்மாவும் அங்கதான இருக்காவ."

"அதுக்குத்தான்மா" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசியில ஆஸ்பத்திரியில என்னக் கூப்பிட்டிருக்கா. நான் மீட்டிங்ல இருந்தேன். ஆறு வருஷமா அந்தக் குரல் காதுல கெடக்கு. இந்தப் புதன்கிழமையோட போயிரும்லா?"

"போயிரும் சார்."

"உனக்கும் நல்லதுதான எம்மா ஜெசிந்தா. இன்னும் எத்தன வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயி அங்க உக்காந்திருப்ப?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் அதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு வலிப்பது அங்கே மட்டும்தான், அதுவும் போனால் என் புருஷன் நான்காவது வரியாக மட்டும் மிஞ்சுவார் என்று சொல்ல வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து பட்டியலை டைப் அடித்தாள்.

திங்கட்கிழமை காலை கடற்கரையில் தலைவரும் ஆணையாளரும் கவுன்சிலர்களும் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்களும் வந்திருந்தார்கள், இவ்வளவு கூட்டம் முன்னெப்போதும் வந்ததில்லை. துக்கம் போகப்போகிறது என்று சிலர் குளித்துத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். காதர் பாய் குழாயைக் கடலுக்கு நேராகக் கட்டி, ஊதிப் பார்த்து, "பேசுங்க ஜெசிந்தாம்மா" என்றார். கடல் அடங்கியிருந்தது. பதினொரு மணிக்கு அது எப்போதும் அப்படித்தான், காது கொடுக்கிற மாதிரி அலையைக் குறைத்துக்கொள்ளும்.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். காகிதத்தில் என்ன இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில் வாசித்தாள்: "முன்னுரிமை ஒன்று. பதினோராவது வார்டு, சலேத்மாதா தெரு, கதவு எண் எட்டு. கில்பர்ட், ஜெசிந்தா வீடு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "முன்னுரிமை இரண்டு. நகராட்சி மயானம் முழுவதும்." அதற்கப்புறம் மற்ற எல்லாவற்றையும் காகிதத்தில் இருந்தபடியே, ஒவ்வொரு எண்ணாகத் தள்ளி, எட்டு வரைக்கும் வாசித்து முடித்தாள். தீர்மானம் போட்டதை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. பதினெட்டு கவுன்சிலர்கள் கையெழுத்துப் போட்டது, அவள் ஒரு வரிக்கு மட்டும் இடம் பிடித்தாள்.

தலைவர் எழுந்து வந்தார். கத்தவில்லை, அவருக்கும் கத்துகிற பழக்கம் போய் நாளாகியிருந்தது. "என்னம்மா வாசிச்ச?"

"எங்க வீட்டச் சேத்து வாசிச்சேன் சார்."

"கடலு அத வாங்கலன்னா?"

"ரெண்டாவதுக்கு வரும் சார். ரோடு ரோலருக்கு வந்த மாதிரி."

"அப்ப சரி" என்றார் தலைவர். "வாங்காது. அந்த வீட்டுல என்ன இருக்கு?" ஆணையாளர் மட்டும் ஒழுங்கு நடவடிக்கை விதி 17பி-யில் அவளுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயார் பண்ணச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஜனங்கள் பூவை எடுக்காமலே வீட்டுக்குப் போனார்கள், எப்படியும் புதன்கிழமை தெரிந்துவிடும் என்று.

தலைவர் கேட்ட கேள்வி அவளோடு வீடுவரைக்கும் வந்தது. அந்த வீட்டில் என்ன இருக்கிறது? தேடுவாரில்லாததைக் கடல் வாங்காது. அவள் உண்மையில் தேடுவாளா? திங்கள் சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தாள்: கொடியில் தொங்கிய அவருடைய காக்கிச் சட்டை, ஸ்பானர் பெட்டி, மூடி இல்லாத ரேடியோ, கல்யாணப் படம். எதுவும் அசையவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்தாள், பூச்சிக்கு வைத்த ரசகற்பூரம்தான் மணத்தது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அடுக்களையையும் பரணையும் பார்த்தாள். எல்லாம் பண்டமாகவே இருந்தன. இந்த வீடும் ஒரு ரோடு ரோலர்தானோ என்று நினைத்தாள். அப்படியென்றால் புதன்கிழமை ஒரு மணிக்கு வீடு திரும்பி வரும், மயானம் போகும், ஊரில் யாருக்கும் யாரும் செத்ததாக இருக்காது. ஜெபமாலையை எடுத்தாள், அதுவும் கையில் சும்மா இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது எழுந்து கூடத்து விளக்கைப் போட்டாள். கை மேலே போனது, விளக்கு எரிந்தது. எரிந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். உலகத்தில் அவள் கை சரியாக இருக்கிற இடம் இது ஒன்றுதான். அணைத்தாள், போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். பழகிரும் புள்ள. ஒரு துளி, ஊசி முனையளவு, விலாவுக்குக் கீழே நெருடியது. அது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டிலுள்ள ஆறு சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு வந்து படுத்தாள்.

புதன்கிழமை பத்தரைக்குக் கடல் வந்தது. சலேத்மாதா தெருவில் மற்ற வீடுகளின் கோலத்தைக்கூட அழிக்காமல், வரிசையாக எண் பார்த்து வருகிற தபால்காரர் மாதிரி வந்து எட்டாம் நம்பர் வாசலில் நின்றது. ஜெசிந்தா ஒரு கைப்பையோடு வெளியே வந்தாள்; வேறெதையும் எடுக்கவில்லை, எடுத்தால் குறைந்துபோகுமோ என்ற பயம். அவள் படியிறங்கியதும் கடல் உள்ளே போனது, சட்டையோடும் ரேடியோவோடும் சுவிட்சுகளோடும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். நான்கு மூலைக்கல்லும் ஈரமணலும் இருந்தன. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், உணர்ச்சி இல்லை.

ஊர் முழுக்கக் கரையில் நின்று ஒரு மணிக்காகக் காத்திருந்தது. தலைவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது, மூன்றும் ஆனது. கடல் வீட்டைத் திருப்பித் தரவில்லை. தலைவர் குடையை மடக்கினார். "அப்படி என்னதாம்மா இருந்துச்சு அந்த வீட்டுல?" என்று கேட்டார். அவளுக்கு நினைவு வந்தது, ஆனால் எதற்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ஒண்ணுமில்ல சார்" என்றாள். ஜனங்கள் தங்கள் தங்கள் துக்கத்தோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் பூவோடு வந்த ஒருத்தி மட்டும் மயானத்துக்குள் போய் அந்தப் பூவை எடுத்துத் தன் மகள் மேட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜெசிந்தாவும் மயானத்துக்குப் போனாள். எல்லாம் இருந்தபடி இருந்தது, சுவர் இடிந்த பக்கம் ஒரு மாடுகூட நின்றது. கில்பர்ட்டின் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். கால்மணி நேரம் ஆயிற்று, அரைமணி ஆயிற்று. வலி வரவில்லை. கல்லில் எழுதியிருந்த பெயரை வாசித்தாள், பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் வாசித்தாள். வீட்டு நம்பரை வாசிப்பது போலத்தான் இருந்தது. மிக்கேல் அண்ணன் வடையைப் பிட்டது ஞாபகம் வந்தது. வீட்டோடு கில்பர்ட்டையும் கொடுத்துவிட்டோம், ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் அவரவர் செத்தவர்களை மிச்சம்பிடித்துக் கொடுத்துவிட்டு நம்முடையதை விட்டுவிட்டோம் என்று புரிந்தது. புரிந்ததே தவிர அதற்காக வருத்தப்படவும் முடியவில்லை. மாட்டை விரட்டிவிட்டு எழுந்து போனாள்.

கன்னியர் மட விடுதியில் இடம் கொடுத்தார்கள். சிஸ்டரே வந்து விளக்கைப் போட்டு, பாய் விரித்துக் கொடுத்து, ஜெபம் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டுப் போனார். ஜெசிந்தா படுத்தாள், காலையில்தான் விழித்தாள்.

வியாழக்கிழமை அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே அலுவலகத்துக்குப் போனாள். பொதுப்பிரிவில் ஜன்னல்கள் இன்னும் திறக்கவில்லை. மேஜையில் வெள்ளையாக ஒரு காகிதம் தெரிந்தது, 17பி குறிப்பாணையாகத்தான் இருக்கும், பதினைந்து நாளைக்குள் விளக்கம் கேட்டிருப்பார்கள். வாசிக்க வெளிச்சம் போதவில்லை. சுவருக்கு நேராகக் கையை நீட்டினாள்.

விளக்கு எரியவில்லை. மறுபடி தட்டினாள், எரியவில்லை.

"அக்கா, கீழ தட்டுங்க" என்றாள் பின்னால் வந்த வேம்பு, சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்துக்கொண்டே. "எத்தன வருஷமாச்சு, இன்னும் பழகலயா?"

ஜெசிந்தா தன் கையைப் பார்த்தாள். அது சுவிட்சின் மேல் முனையில் இருந்தது. வீட்டை வாசித்தாள், கதவு எண்ணை வாசித்தாள், இருவர் பெயரையும் வாசித்தாள், கையை வாசிக்கவில்லை. விலாவுக்குக் கீழே அது கிளம்பியது, நெஞ்சுக்கு வந்தது, ஒன்பது வருஷமாக நின்றுகொண்டிருந்த இடத்தில் நிற்காமல் தொண்டைக்கு ஏறியது. அவள் அழுதாள். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, அடுத்த அறையில் வரிப்பிரிவுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி சத்தமாக அழுதாள்.

"அய்யோ என்னக்கா, மெமோவுக்கா அழுவுதீங்க? அதெல்லாம் ஒண்ணும் செய்ய மாட்டாங்கக்கா" என்று வேம்பு ஓடிவந்து ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவிட்சைக் கீழே தட்டினாள். விளக்கு எரிந்தது. ஜெசிந்தா எட்டி அதை மேலே தட்டி அணைத்துவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள்.